நெட்டி

வின்னிபெக்கில் மார்ச் மாதத்துக்குக்
குழி என்றுதான் பெயர் வைத்திருக்க வேண்டும்.
பனி கரையக் கரையத் தார் வாய் பிளக்கும்.
நாற்பதடி பஸ்ஸோடு நான் விழுந்து எழும்பும்போதெல்லாம்
வலப்பக்க இடுப்பில் ஒருத்தன் உட்கார்ந்து
ஈரக்கயிறு முறுக்குவான்.
முறுக்கிய கயிற்றைக் குதிக்கால் வரை இழுப்பான்.
போர்டேஜ் சாலை முடியும்வரை விடமாட்டான்.

டாக்டர் ஃப்ரீசன் ஐந்தடி இருந்தால் அதிகம்.
காப்புறுதி வருஷத்துக்கு ஐந்நூறு டொலர் தரும்,
அதற்குள் என் முள்ளந்தண்டு திருந்திவிட வேண்டும்.
இரண்டு தராசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
ஒன்றில் ஒரு கால் என்றாள்.
இடது முப்பத்தைந்து. வலது நாற்பத்தொன்று.
"இந்த ஆறு கிலோ எங்கேயிருந்து வந்தது, மிஸ்டர் பாலன்?"
எனக்குத் தெரியாது.
கடன் என்றால் நினைவிருந்திருக்கும்.

மேசையில் முகத்துக்கு ஒரு துளை.
துளை வழியே கிடைத்த உலகம்:
சாம்பல் தரை, அவளுடைய சப்பாத்துகள்,
ஒன்றின் கயிறு வெள்ளை, மற்றதன் கயிறு பச்சை.
பெருவிரலால் கழுத்திலிருந்து இறங்கி வந்தாள்,
தரிப்பிடம் தரிப்பிடமாக.
இடுப்பில் நாலாவது எலும்பில் நிறுத்தினாள்.
அங்கே யாரோ வெகுநேரமாகக் காத்து நின்றிருக்கிறார்கள்,
நான்தான் கதவு திறக்காமல் போயிருக்கிறேன்.

பக்கவாட்டில் திருப்பி, மேல்காலை மடக்கி,
என் தோளை ஒரு பக்கமும்
இடுப்பை மறுபக்கமும் பிடித்துக்கொண்டு
மூச்சை விடச் சொன்னாள்.
விட்டு முடியவில்லை.
டக்.

எலும்பில்லை, பயப்படாதீர்கள்,
மூட்டு நீருக்குள் காற்றுக் குமிழி, அவ்வளவுதான் என்றாள்.
எங்கள் ஆட்களிடம் வேறு விளக்கம் இருக்கிறது.
கன்னம் வழித்து, விரல் மடக்கி, நெற்றியோரம் அழுத்தினால்
எத்தனை நெட்டி முறிகிறதோ
அத்தனை நாவூறு கழிந்ததாம்.
எனக்கு ஏழு முறிந்தது.
பழைய கொரோலாவும் நிலக்கீழ் அறையும் வைத்திருக்கிறவன்மேல்
கண் போட்டவர்கள் யார்?

எழும்பி பர்ஸை எடுத்துப் பின்பையில் செருகினேன்.
நில்லுங்கள் என்றாள்.
வாங்கி, விரலிடையில் வைத்துப் பார்த்தாள்.
மூன்று சென்றிமீற்றர்.
"எத்தனை வருஷமாக இதன்மேல் இருந்து பஸ் ஓட்டுகிறீர்கள்?"
பதினொன்று.

பணம் பதினைந்து டொலர்தான் இருந்தது.
மிச்சமெல்லாம் தாள்.
ஊருக்கு அனுப்பிய காசின் ரசீதுகள்,
மை பறந்து வெறும் வெள்ளையானவை,
ஆருக்கு எவ்வளவு என்று இனி அவற்றுக்கே தெரியாது.
ஒன்பது முத்திரை விழுந்த கோப்பிக்கடை அட்டை,
பத்தாவது விழுமுன் கடை பூட்டிவிட்டார்கள்.
தம்பியின் அகதி வழக்கைப் பார்த்த வக்கீலின் விலாசம்.
வழக்கு தோற்று, தம்பி பாரிசில்
தொலைபேசி உறை விற்கிறான்.
இவ்வளவையும் வலப்பக்கம் அடுக்கிவிட்டு
நேராக இருப்பதாக நினைத்திருந்தேன்.

முதுகில் புண்பட்டவன் நாணவேண்டும் என்று
பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம்.
நான் எதற்கும் புறமுதுகு காட்டி ஓடவில்லை, ஐயா.
உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுப்பாடம் தந்தாள்:
ஒவ்வொரு நடை முடிவிலும் இறங்கி ஐந்து நிமிஷம் நட,
இடுப்புக்குப் பின்னால் ஒரு துவாய் சுருட்டி வை,
பனியை அள்ளித் திரும்பாதே, தள்ளு.
பஸ்ஸுக்குப் பின்னால் நின்று
பூனை மாதிரி முதுகை வளைத்ததை
ஒரு பள்ளிக்கூடப் பெடியன் படம் பிடித்தான்.
பிடிக்கட்டும்.

ரசீதுகளை எறியவில்லை.
சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன்,
வதனி ஒன்றும் கேட்கவில்லை.
பின்பை காலியான முதல் நாள்
இருக்கை இடப்பக்கம் சரிந்துகிடந்தது.
பணிமனையில் முறையிட்டேன்.
நீர்மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு
மெக்கானிக் என்னையே பார்த்தான்.

ஆறு கிழமை கழித்துத் திரும்பவும் தராசு.
முப்பத்தேழு, முப்பத்தொன்பது.
மிச்ச இரண்டு கிலோவைத் தேடலாம் என்றாள்,
கைகளைச் சூடாக்கித் தேய்த்துக்கொண்டு.
அது இருக்கட்டும் என்றேன்.